ஸ்குரூவைத் திருகும் முன் பிளாக்கைப் பாருங்கள்

கேள்வி: டெக்ஸஸில் வசிக்கிறேன். பின்னுதைப்பு குறையும் என்று என்னுடைய ஏ.ஆர்-15 ரைஃபிளுக்கு, சுடும்போது குழலிலிருந்து போல்ட்டை இயக்கப் போகும் வாயுவின் அளவை ஒரு ஸ்குரூவால் கூட்டிக் குறைக்கும் கேஸ் பிளாக் ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். அன்று முதல் சுட்ட தோட்டாவின் கூடு சரியாக வெளியே விழுவதில்லை. மேகசின் காலியானாலும் போல்ட் (தோட்டா அறையை மூடித் திறக்கும் பாகம்) பின்னால் நிற்பதில்லை. இந்திய ராணுவத்தில் இருந்த என் அப்பா, "ஸ்குரூவை அடை, கேஸ் கூடும்" என்கிறார். அடைக்க அடைக்க நிலைமை மோசமாகிறது. பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: அப்பா கையாண்ட ஆயுதத்துக்கு அவர் சொன்னது முற்றிலும் சரி. இந்திய ராணுவத்தின் 1ஏ1 ரைஃபிள், பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். ரைஃபிளின் வழியில் வந்தது. அதில் உபரி வாயு ஒரு துளை வழியே வெளியேறிவிடும். துளையை அடைத்தால் அத்தனையும் போல்ட்டைத் தள்ளும் பிஸ்டனுக்குப் போகும். ஏ.ஆருக்கான பிளாக்குகளிலும் இந்த வகை உண்டு. ஆனால் அடைத்தால் மோசமாகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், உங்களுடையது வேறு வகை. அதில் ஸ்குரூ வாயு போகும் பாதையிலேயே குறுக்கே நிற்கிறது. உள்ளே திருகினால் பாதை குறுகும்.

முதலில் மேகசினை எடுத்துவிட்டுத் தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இனி ஒவ்வொரு முறை கை வைக்கும் முன்பும் இதைச் செய்யுங்கள். பிறகு காலி மேகசினைச் செருகி, போல்ட்டை இழுக்கும் கைப்பிடியைப் பின்னால் இழுங்கள். போல்ட் நிற்கவில்லை என்றால் கோளாறு மேகசினிலோ போல்ட்டைப் பிடிக்கும் கொக்கியிலோ இருக்கிறது. கையால் இழுத்தால் நிற்கிறது, சுட்டால் நிற்கவில்லை என்றால் வாயுதான் போதவில்லை.

அடுத்து ஸ்குரூவை முழுதும் திறந்து சுட்டுப் பாருங்கள். அப்போதும் கூடு தடுமாறினால் ஸ்குரூவை விட்டுவிடுங்கள். எனக்குச் சந்தேகம் பிளாக் உட்கார்ந்திருக்கும் இடத்தின் மேல்தான். பல குழல்களில், பழைய முன்பிடி மூடியின் தகடு நிற்பதற்கு இடம் விட்டே வாயுத் துளையைப் போட்டிருப்பார்கள். தகட்டைக் கழற்றிவிட்டுப் புதிய பிளாக்கைக் குழல் தடிக்கும் படிவரை தள்ளிவிட்டால், குழலின் துளையும் பிளாக்கின் துளையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக விலகும். பாதி வாயுவைத் தடுக்க அது போதும். பிளாக்கைக் கழற்றிக் குழலைப் பாருங்கள். கரி, துளையைச் சுற்றி வட்டமாகப் படிந்திருந்தால் நல்லது. ஒரு பக்கம் பிறை போல இழுத்திருந்தால் துளைகள் பொருந்தவில்லை. பிளாக்கின் உள்விட்டமும் குழலின் விட்டமும் ஒன்றா என்று காலிப்பரால் அளந்துவிடுங்கள். 0.750 அங்குலம்தான் பரவலான அளவு, ஆனால் 0.625, 0.936 அங்குலக் குழல்களும் உண்டு. பிளாக்கிலிருந்து வாயுவைப் பின்னால் கொண்டுபோகும் கேஸ் குழாயைப் பிடிக்கும் சிறு ஊசி முழுதும் இறங்கியிருக்க வேண்டும்.

துளைகள் பொருந்திய பிறகுதான் அளவு வைக்க வேண்டும். ஸ்குரூவை முழுதும் அடைத்து, மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கிளிக் திறங்கள். போல்ட் பின்னால் நின்ற இடத்திலிருந்து இன்னும் ஒன்றிரண்டு கிளிக் கூடுதலாக வையுங்கள். குளிரிலும் அழுக்கிலும் அந்த உபரி தேவைப்படும். வழக்கமாகச் சுடும் தோட்டாவையே பயன்படுத்துங்கள், வலுக் குறைந்த தோட்டாவில் கணக்கு மாறிவிடும். சில நூறு தோட்டாக்களுக்கு ஒரு முறை ஸ்குரூவை அசைத்துக் கொடுங்கள். கரி இறுகிவிட்டால் அது திரும்பவே திரும்பாது. நான் வாங்குவதாக இருந்தால், ஸ்குரூவைத் தனியே கழற்றித் துடைக்க முடிகிற எஃகு பிளாக்கைத்தான் வாங்குவேன்.

கடைக்காரர் விஷயம்: துப்பாக்கிகளையும் அவற்றின் பாகங்களையும் 1972ஆம் ஆண்டுச் சட்டமே அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அங்கே புகார் கொடுத்துப் பயனில்லை. உங்களுக்குக் கைகொடுப்பது தயாரிப்பாளரின் எழுத்து உத்தரவாதம். வேறு நிறுவனத்தின் பாகத்தைப் பொருத்தினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக ரைஃபிளின் உத்தரவாதத்தையும் மறுக்க முடியாது. 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டம் அதைத் தடுக்கிறது. அந்தப் பாகத்தால்தான் சேதம் வந்தது என்றால் மட்டும் மறுக்கலாம். பிளாக்கைக் கழற்றும்போது, துடைப்பதற்கு முன்பே அந்தக் கரி அடையாளத்தைப் படம் எடுத்துவிடுங்கள். துளைகள் பொருந்தியும் வாயு போதவில்லை என்றால், பிளாக்கின் தயாரிப்பாளருக்கு எழுதும் கடிதத்தோடு அந்தப் படத்தையும் ரசீதையும் இணைத்து அனுப்புங்கள்.