பூஞ்சையைப் பட்டினி போட முடியுமா?

கேள்வி: எனக்கு 51 வயது, கடலூர் புதுப்பாளையம். சர்க்கரை நோய் உண்டு. ஆறு மாதமாக வெள்ளைப்படுதலும் அரிப்பும் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஈஸ்ட் தொற்று என்றார்கள். புளித்த மாவிலும் ஈஸ்ட் இருக்கிறதாமே என்று இட்லி, தோசையை நிறுத்திவிட்டேன். ஈஸ்டுக்கு இரும்பும் தீனி என்கிறார்கள். ரத்தசோகைக்குச் சாப்பிடும் இரும்பு மாத்திரையையும் விட்டுவிடலாமா?

பதில்: முதலில் நாளைக் காலை இட்லி சாப்பிடுங்கள், அம்மா. மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்குத்தான். ஈஸ்ட் இருந்தாலும் ஆவியில் வெந்து செத்துப்போகும். உங்களைப் படுத்துவது பெரும்பாலும் கேண்டிடா என்ற வேறு ஈஸ்ட். அது பலருக்கு வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் சும்மா குடியிருப்பதுதான்.

இரும்பு விஷயம் பாதி உண்மை. இரும்பு இல்லாமல் கேண்டிடா வளராது. அதனால்தான் நம் உடம்பு இரும்பை அவிழ்த்துப் போட்டு வைப்பதில்லை. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின், எச்சிலில் லாக்டோஃபெரின் என்ற புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆனால் கேண்டிடா கைதேர்ந்த திருடன். சிவப்பணுவை உடைத்து ஹீமோகுளோபினிலிருந்தே இரும்பை உருவும். நூலாக நீண்டு நம் செல்லுக்குள் புகுந்து, அங்கே ஃபெரிட்டின் என்ற புரதத்தில் சேமித்திருப்பதையும் எடுத்துக்கொள்ளும். துத்தநாகத்துக்கு இன்னும் சாமர்த்தியம்: ஒரு புரதத்தை வெளியே அனுப்பும், அது துத்தநாகத்தைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை கிடைக்காவிட்டால் நம் புரதத்தையே நொதியால் கரைத்துத் தின்னும். இதை எங்கே பட்டினி போடுவது? மாத்திரையை விட்டால் ரத்தசோகைதான் கூடும். தொடருங்கள்.

சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பது மட்டும் நிச்சயம் உதவும். அதில் ஒன்று கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் சர்க்கரை மாத்திரையை மாற்றினார்களா? அட்டையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருக்கிறதா பாருங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகள். பூஞ்சைக்கு அந்த இடத்திலேயே பந்தி வைத்த மாதிரி. அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை. எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், தேவையென்றால் அவர் மாற்றுவார்.

அப்புறம், மருந்துக்கடையில் ஒற்றை மாத்திரை வாங்கிப் போடுவது போதாது. திரும்பத் திரும்ப வந்தால் கசிவை எடுத்துப் பரிசோதித்து, எந்த வகை கேண்டிடா என்று பார்த்து, சில சமயம் மாதக்கணக்கில்கூட மருந்து தர வேண்டியிருக்கும். அரசு தலைமை மருத்துவமனையின் மகளிர் பிரிவில் காட்டலாம். மாதவிடாய் நின்றுவிட்டது என்றால் அதையும் சொல்லுங்கள். அதனால் வரும் வறட்சியாலும் அரிப்பு வரும். கசிவில் ரத்தம் தெரிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ தள்ளிப்போடாமல் உடனே போய்விடுங்கள்.