ஊதும் மூச்சில் ஆக்சிஜன் இருக்குமா?

கேள்வி: கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கள் ஊர்ப் பையன்கள் அங்கேயேதான் கிடக்கிறார்கள். மூழ்கிய ஒரு பையனைப் பேச்சுமூச்சில்லாமல் கரையில் போட்டபோது, ஒருவர் வாயில் வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைத்தார். நாம் வெளியே விடுவது கார்பன் டை ஆக்சைடுதானுங்களே, அதை ஊதினால் உயிர் எப்படி வரும்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: விடுகிற மூச்சு முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு இல்லைங்க. இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம், விடும் காற்றில் இன்னும் 16 சதவீதம் போல இருக்கும். கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம்தான்.

ஏன் இவ்வளவு மிச்சம் என்றால், நுரையீரல் ஆக்சிஜனை வடிகட்டி எடுப்பதில்லை. மூச்சுக்குழாய் கிளைகிளையாகப் பிரிந்து கோடிக்கணக்கான காற்றுப்பைகளில் போய் முடிகிறது, அவற்றைச் சுற்றி நுண்ணிய ரத்தக்குழாய்கள், இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத சவ்வு. பைக்குள் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம் (ரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகுதான்); உடம்பைச் சுற்றி வந்த ரத்தத்தில் 40. அந்த வித்தியாசம்தான் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுகிறது, இரண்டும் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும், மீதி வெளியே வந்துவிடும். கார்பன் டை ஆக்சைடுக்கு வித்தியாசம் வெறும் 5தான், ஆனால் அது சவ்வை ஆக்சிஜனைவிடச் சுமார் 20 மடங்கு சுலபமாகக் கடக்கும். ரத்த அணு அங்கே இருப்பது முக்கால் வினாடி, வேலை முடிவதோ கால் வினாடியில்! உடம்பில் இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம், நாம் இழுத்ததில் 150 மி.லி. போல மூக்கிலும் மூச்சுக்குழாயிலுமே தங்கிவிடுகிறது. ஊதும்போது முதலில் போவது கிட்டத்தட்ட புதுக்காற்றுதான்.

மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம், போகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நஷ்டம். 108க்கு ஒருவர் போன் செய்யட்டும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, நெஞ்சு மேலெழும்புகிற அளவுக்கு ஊதுங்கள். அசைவே இல்லையென்றால் நடு நெஞ்சை 30 முறை அமுக்கி 2 முறை ஊதுவது என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயே ஆகணும். காற்றுப்பைகள் ஒட்டிச் சுருங்காமல் காக்கும் பூச்சை உள்ளே போன தண்ணீர் கெடுத்திருக்கும், சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம்.