விரல் வைத்துக் காட்டுங்கள்: கணுக்கால், பாதக் காயங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "கால் வலிக்கிறது, என்ன செய்யலாம்?" என்றே தொடங்குகின்றன. என் அறைக்குள் நொண்டி வருகிற எவரிடமும் நான் முதலில் கேட்பது, வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுங்கள் என்பதுதான். உள்ளங்கையால் பாதம் முழுவதையும் தடவிக் காட்டுகிறவருக்கும் ஒரே புள்ளியில் விரலை ஊன்றுகிறவருக்கும் பெரும்பாலும் ஒரே நோய் இருப்பதில்லை. கீழே உள்ள பதில்களையும் அப்படி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுகிறேன்.

பெருந்துறை அருகிலிருந்து ஒரு தாய்: பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பொங்கல் விளையாட்டில் கபடி ஆடும்போது கால் மடங்கி விழுந்தான். வெளிப்பக்கக் கணு முட்டை அளவு வீங்கியிருக்கிறது. எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? ஊரில் சுளுக்கு எடுக்கும் பெரியவரிடம் உருவிவிட்டால் போதும் என்கிறார் என் மாமனார்.

வீக்கத்தின் அளவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெறும் சுளுக்கு முட்டை அளவு வீங்குவதும், எலும்பு முறிவு லேசாக மட்டும் வீங்குவதும் அன்றாடம் காண்பவை. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட எளிய விதிகளைத்தான் இன்றும் உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். கணுக்காலின் வெளிப்புற எலும்பின் நுனியையும் அதன் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டர் பகுதியையும் அழுத்துங்கள். உட்புற எலும்பிலும் அவ்வாறே செய்யுங்கள். பிறகு பாதத்தின் வெளிவிளிம்பில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உள்வளைவின் மேற்பகுதியில் துருத்தும் எலும்பையும் அழுத்துங்கள். இந்த நான்கு இடங்களில் எங்காவது எலும்பின் மீதே வலித்தாலோ, விழுந்த உடனேயும் இப்போதும் நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே தேவை. இரண்டும் இல்லையெனில் முறிவு இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு.

பெரும்பாலும் கால் உள்பக்கமாக மடங்கும்போது வெளிக்கணுவுக்குச் சற்று முன்னும் கீழும் உள்ள, எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமென்ட்தான் முதலில் கிழிகிறது. மகன் அந்தக் குழியில் விரலை வைத்தால் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் கபடிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பாடிப் போனவரின் கணுக்காலை எதிரணியினர் இறுகப் பிடித்திருக்க, அவர் உடலைத் திருப்பிக் கோட்டை நோக்கிப் பாயும்போது, கீழ்க்கால் எலும்புகள் இரண்டையும் பிணைக்கும் மேல்பகுதி லிகமென்ட் கிழியக்கூடும். அப்போது வலி கணுவுக்கு மேலே, முன்புறத்தில் இருக்கும். வீக்கம் குறைவாகவே தெரியும். குணமாக மட்டும் கூடுதல் காலம் பிடிக்கும். அவன் விரல் அங்கே போனால், நான்கு அடி நடந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆயினும் முதல் சில நாட்களில் உருவிவிடுவது உள்ளே கசியும் இரத்தத்தைக் கூட்டும், மறைந்திருக்கும் முறிவை விலக்கியும் விடலாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைப்பது வலிக்கு நல்லது. குணமாவதை அது விரைவுபடுத்துவதாகச் சொல்ல முடியாது. இறுக்கமான கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை இதயமட்டத்துக்கு மேலே தலையணையில் வைக்கட்டும். இரண்டு மூன்று நாட்களில், வலி அனுமதிக்கும் அளவுக்கு நடக்கவிடுங்கள். கட்டிலில் படுத்தபடி கட்டைவிரலை எழுதுகோலாகக் கொண்டு காற்றில் 'அ' முதல் 'ஔ' வரை நாளுக்கு மூன்று முறை எழுதச் சொல்லுங்கள். 'ஈ'யும் 'ஔ'வும் முதல் வாரம் கோணலாகத்தான் வரும், அதனால் குற்றமில்லை. முறிவு இல்லாத சாதாரணச் சுளுக்குக்கு வாரக்கணக்கில் மாவுக்கட்டு வேண்டியதில்லை.

தாராபுரத்திலிருந்து ஒரு வாலிபால் வீரர், 24 வயது: ஒரே கணுக்கால் இரண்டு ஆண்டுகளில் மூன்றாம் முறையாகப் பிசகிவிட்டது. லிகமென்ட் அறுந்திருக்கும், அறுவைச் சிகிச்சைதான் வழி என்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் வீக்கம் வற்றியதும் களத்தில் இறங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். மாணவப் பருவத்தில் நானும் அதையே செய்து ஒரு பருவம் முழுவதையும் இழந்தவன் என்பதால் இதைத் துணிந்து சொல்கிறேன். லிகமென்ட் ஒரு கயிறு மட்டுமன்று. கால் எந்தக் கோணத்தில் ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் உள்ளன. கிழிந்த இழை சேர்ந்தாலும் அந்தச் செய்தி மந்தமாகவே இருக்கும். வலைக்கருகே குதித்து இறங்கும்போது, மற்றொருவரின் பாதத்தின் மீது உங்கள் கால் பட்டுச் சரியும் நொடியில், வெளிப்புறத் தசைகள் தாமதமாக விழிக்கின்றன. கால் மீண்டும் மடங்குகிறது.

எனவே முதலில் பயிற்சிதான். காலையில் பல் துலக்கும்போது அந்த ஒற்றைக் காலில் நில்லுங்கள். 30 நொடி ஆடாமல் நிற்க முடிந்த பின் கண்களை மூடி நில்லுங்கள், பிறகு மடித்த தலையணையின் மீது. பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பும் தசைக்கு ரப்பர் பட்டை கட்டி நாள்தோறும் வேலை கொடுங்கள். பன்னிரண்டு வாரமாவது இதை விடாமல் செய்யாதவருக்கு அறுவைச் சிகிச்சை பற்றி நான் பேசுவதே இல்லை. விளையாடும்போது லேஸ் வைத்த கணுக்கால் பிரேஸ் அணிவது மறுபடி பிசகுவதை நன்கு குறைக்கும். நாள் முழுதும் போட்டிருக்கத் தேவையில்லை. வலியின்றி ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கவும், எட்டு வடிவில் வேகமாக ஓடித் திரும்பவும் முடிகிற நாளே நீங்கள் திரும்ப ஆடும் நாள். இத்தனைக்குப் பிறகும் சமதரையில் நடக்கும்போதே கால் பிசகினால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, லிகமென்டை இறுக்கித் தைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம்.

கோவையிலிருந்து ஒரு வாசகி, 48 வயது: ரேஸ்கோர்ஸில் தினமும் நடக்கிறேன். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் முள் குத்துவது போல் இருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலை போட்டு மிதிக்கச் சொல்கிறார் என் மாமியார்.

எலும்பு வளர்ச்சி உங்கள் எதிரி அன்று. வலியே இல்லாத பலரின் எக்ஸ்ரேயிலும் அந்த முள் தெரியும். குதிகாலிலிருந்து விரல்கள் வரை செல்லும் பட்டைத் தசைநார் இரவில் சுருங்கி, முதல் அடியில் திடீரென இழுபடுவதே உங்கள் வலி. செங்கல் ஒத்தடம் சற்று நேரம் இதமளிக்கும், செய்யுங்கள்; சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் வேண்டாம், சூடு தெரியாமலே பாதம் வெந்துவிடும்.

கட்டிலை விட்டு இறங்கும் முன், வலிக்கும் காலை மறு முழங்காலின் மேல் போட்டு, விரல்களைப் பின்னோக்கி இழுத்துப் பத்து நொடி பிடியுங்கள், பத்து முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், படிக்கட்டின் விளிம்பில் சுருட்டிய துண்டை விரல்களுக்கடியில் வைத்து, மூன்று நொடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் இறக்குங்கள். வீட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காமல், வீட்டுக்குள்ளேயே போட ஒரு மெத்தென்ற செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குணமாகப் பல மாதங்கள் ஆகும். பொறுமை இழந்து மீண்டும் மீண்டும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் அந்தப் பட்டை அறுந்துபோகவும் கூடும்.

திருப்பூர், 43 வயது: ஷட்டில் ஆடும்போது யாரோ பின்னாலிருந்து மட்டையால் அடித்தது போல் 'படார்' என்றது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. கெண்டைக்கால் பிடிப்பு என்று பத்து நாளாகத் தைலம் தேய்க்கிறேன்.

தைலத்தை வைத்துவிட்டு இன்றே எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள். நீங்கள் சொல்லும் அந்த 'படார்', குதிகால் தசைநாண் முழுதாக அறுவதன் அடையாளம். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைச் சதையை ஒருவர் அழுத்தட்டும். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும், அறுந்த காலில் அசையாது. வேறு தசைகள் உதவுவதால் நடக்கவும் பாதத்தை ஓரளவு இறக்கவும் முடியும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்த பூட்ஸ் போட்டும் குணப்படுத்தலாம், தைத்தும் குணப்படுத்தலாம்; முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கினால் இரண்டுமே நல்ல பலன் தரும். தைப்பதில் மறுபடி அறும் வாய்ப்பு சற்றுக் குறைவு, புண் சீழ்பிடிக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரை சாப்பிட்டிருந்தால் மறவாமல் சொல்லுங்கள். அவை இந்தத் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை.

ராசிபுரம், 21 வயது: காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடப் பயிற்சி செய்கிறேன். மூன்று வாரமாக முன்பாதத்தின் மேற்புறம் ஒரே இடத்தில் வலி. எக்ஸ்ரே சரியாக இருக்கிறதாம்.

ஒரே இடம் என்கிறீர்களே, அதுவே எனக்குக் கவலை. 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் ஒருவர், நெடுந்தூரம் அணிவகுத்த சிப்பாய்களின் வீங்கிய பாதத்தைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அது விரல்களுக்குப் பின்னால் முன்பாதத்தில் உள்ள நீள எலும்பில் விழுந்த மயிரிழை விரிசல் என்று தெரிந்தது. அந்த விரிசல் தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலிருப்பது வழக்கம். திரும்ப எடுங்கள், தேவையெனில் எம்ஆர்ஐ. ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கூடாது. நீச்சலும் சைக்கிளும் வலி இல்லாவிட்டால் தொடரலாம். உள்வளைவின் உச்சியில் விரல் வைக்கிறீர்கள் என்றால் கதை வேறு. அங்குள்ள எலும்பு எளிதில் சேராது, காலை ஊன்றவே கூடாது.

கொடுமுடி, 57 வயது: பங்குனி உத்திரத்துக்குத் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடந்து வந்தேன். ஒரு பாதம் சிவந்து வீங்கிச் சூடாக இருக்கிறது, ஆனால் வலி இல்லை. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு.

விரல் வைத்துக் காட்ட வலியே இல்லாத கால்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நரம்பு உணர்விழந்த பாதத்தின் மூட்டுகள் சத்தமின்றி நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். சார்கோ பாதம் என்பார்கள். சீழோ, இரத்தக் குழாய் அடைப்போ ஆகவும் இருக்கலாம். மறு பாதத்தைவிட 2 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடு இருந்தாலே சந்தேகிக்க வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகத் தெரிந்தாலும், பாதத்தை அச்சாகப் பொதியும் கட்டுப் போட்டுப் பாரத்தை இறக்கினால்தான் வடிவம் காப்பாற்றப்படும். நாளை வரை காத்திருக்காமல், அந்தக் காலை ஊன்றாமல், இன்றே வண்டியில் ஏறி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.