நாற்பது பேரில் ஒருவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் எங்கள் ஊர் பைபாஸில் ஒரு பைக் விபத்து. அடிபட்டவர் ரோட்டோரம் கிடந்தார். சுற்றிலும் நாற்பது பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் கழித்து அந்த வழியாக வந்த ஒரு பழவண்டிக்காரர்தான் 108-க்குப் பேசினார். அந்த நாற்பதில் நானும் ஒருவன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதநேயம் செத்துவிட்டது என்கிறார்களே, அது இதுதானா? சிலர் மட்டும் எப்படிச் சட்டென்று உதவ இறங்குகிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘மனிதநேயம் செத்துவிட்டது’ என்பது சோம்பேறித்தனமான விளக்கம். செத்திருந்தால் உங்களுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் நியூயார்க்கில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் இருந்தபடி இன்டர்காம் வழியாகப் பேச வேண்டும். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருகிறது, பேச்சு குழறுகிறது, மூச்சுத் திணறுகிறது. உண்மையில் அது முன்பே பதிவு செய்து வைத்த குரல். அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பிய மாணவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். எழாதவர்களைப் பற்றிய குறிப்புதான் உங்களுக்கு முக்கியம். ஆய்வாளர் அறைக்குள் வந்தபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. “அவருக்கு ஒன்றும் ஆகலையே, யாராவது பார்த்துக்கொள்கிறார்களா?” என்று அவர்களே கேட்டார்கள். உதவக் கூடாது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. எந்த முடிவுக்கும் வராமல் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த ஆராய்ச்சிக்கே தூண்டுதல் 1964 மார்ச் 13 அன்று நியூயார்க்கின் க்யூ கார்டன்ஸ் பகுதியில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண்ணின் கொலை. 38 பேர் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்ற கதை பாடப்புத்தகங்கள்வரை போய்விட்டது. நடந்தது வேறு. ஒருவர் ஜன்னலிலிருந்து கத்தி, கொலைகாரனை முதல்முறை விரட்டினார். சோஃபியா ஃபரார் என்ற அண்டை வீட்டுப் பெண் ஓடிவந்து, குத்துப்பட்டவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். 38 பேரும் எல்லாம் தெரிந்தே சும்மா இருந்தார்கள் என்று எழுதியது பிழை என, செய்தியை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸே 2016-இல் ஒப்புக்கொண்டது. மனிதர்களைப் பற்றிய மோசமான செய்தியை நாம் சரிபார்ப்பதே இல்லை என்பது என் எண்ணம்.

கதை பொய்த்தாலும் சோதனை நிற்கிறது. டார்லியும் லட்டானேயும் சொன்னபடி, உதவிக்கு முன் மனம் ஐந்து படி ஏற வேண்டும்: கண்ணில் பட வேண்டும், ஆபத்து என்று புரிய வேண்டும், இது என் வேலை என்று தோன்ற வேண்டும், என்ன செய்வதென்று தெரிய வேண்டும், கடைசியாகக் கையை நீட்ட வேண்டும். கூட்டம் பெரும்பாலும் சறுக்குவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும். இரண்டாவதுக்கு அவர்களே இன்னொரு சோதனை வைத்தார்கள். அறைக்குள் சுவர் இடுக்கு வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். ஆய்வாளர்களின் ஆட்கள் இருவர் கூடவே உட்கார்ந்து, புகையைப் பொருட்படுத்தாமல் இருந்தபோது 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். ‘இவர்கள் பதறவில்லையே, பெரிதாக ஒன்றும் இருக்காது’ என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்து முடிவுக்கு வருகிறார்கள். அடுத்தவரும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறார்.

உங்கள் பழவண்டிக்காரரை இப்போது யோசித்துப் பாருங்கள். அவர் பத்து நிமிடம் தாமதமாக வந்ததே அவருக்கு உதவியிருக்கலாம். அவர் உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, வந்ததும் அடிபட்டவரைத்தான் பார்த்தார். போதாததற்கு உங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் “108-க்குச் சொல்லியாச்சு” என்று சொல்லியிருப்பார், அவரும் யாரோ சொல்லக் கேட்டுத்தான் சொல்லியிருப்பார்.

கூட்டம் என்றாலே கை கட்டி நிற்கும் என்பதும் தவறு. 1969-இல் வெளியான நியூயார்க் சுரங்க ரயில் ஆய்வில், ஓடும் பெட்டியில் ஒருவர் விழுந்து கிடப்பதுபோல் நடித்தார். கையில் ஊன்றுகோல் இருந்தபோது 65 தடவையில் 62 தடவை பயணிகள் தாமாகவே எழுந்து வந்தார்கள். அதே ஆள் சாராய வாடையோடு, பாட்டிலும் கையுமாக விழுந்தபோது 38-இல் 19 தடவை மட்டுமே. பெட்டி நிறையக் கூட்டம் இருந்தும் கை நீண்டது, ஏனென்றால் எல்லார் கண்ணெதிரிலும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழுந்தார். 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வில், இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரங்களின் சிசிடிவி பதிவுகளில் 219 தெருச்சண்டைகளைப் பார்த்தார்கள். 91 சதவீதத்தில் ஒருவராவது குறுக்கே புகுந்து தடுத்திருந்தார். ஆட்கள் கூடக்கூட, யாராவது ஒருவர் வருவதற்கான வாய்ப்பும் கூடியது.

அப்படியானால் சிலர் மட்டும் ஏன்? நல்ல மனசு என்பது நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் கணக்கில் வருகிறது. 1973-இல் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படிக்கும் 40 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பேசப் போனது, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியருக்கு உதவியவரைப் பற்றிய பைபிளின் நல்ல சமாரியன் கதையைப் பற்றி. வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ‘லேட்டாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

‘நம்ம ஆள்’ என்ற எண்ணம் இன்னொன்று. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்கள் முன் ஒருவரை விழுந்து அடிபட்டதுபோல் நடிக்கவைத்தார்கள். அதே அணியின் சட்டை போட்டிருந்தால் ஏறக்குறைய எல்லாரும் உதவினார்கள், எதிரணியான லிவர்பூல் சட்டை என்றால் மூன்றில் ஒருவர்கூட இல்லை. இன்னொரு குழுவிடம், தாங்கள் கால்பந்து ரசிகர்கள் என்பதைப் பற்றி முதலில் எழுதவைத்தார்கள். அதன்பின் லிவர்பூல் சட்டைக்காரருக்கும் பத்தில் ஏழு பேர் கை கொடுத்தார்கள். கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதும் எதிரணிக்காரரும் உள்ளே வந்துவிட்டார். நம் ஊரில் அந்தக் கோடுகள் எவை என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த தடவை செய்ய வேண்டியது இதுதான். “யாராவது போன் பண்ணுங்க” என்று பொதுவாகக் கத்தினால் யாருக்கும் அது போய்ச் சேராது. ஒருவரைக் கண்ணைப் பார்த்து, அடையாளத்தோடு கூப்பிடுங்கள்: “நீலச்சட்டை அண்ணே, 108-க்குப் போடுங்க, பேசி முடிச்சதும் என்கிட்ட வந்து சொல்லுங்க.” திரும்பி வந்து சொல்லச் சொன்னால்தான் வேலை முடிந்ததா என்று உங்களுக்குத் தெரியும். படம் பிடிப்பவரைத் திட்டி நேரத்தைப் போக்காதீர்கள், அவர் கையில்தான் போன் தயாராக இருக்கிறது, அவரிடமே சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு நிற்க வேண்டாம், பைபாஸ் என்றால் கிலோமீட்டர் கல்லின் எண்ணும், எந்தப் பக்கம் போகும் ரோடு என்பதும் வேண்டும். இன்னொருவரை வண்டிகளை நிறுத்த அனுப்புங்கள். ஒரு ஆள் அசைந்தால் அடுத்த ஆளும் அசைவார், ‘பெரிதாக ஒன்றும் இல்லை’ என்ற பொய்முகம் அங்கேயே உடைந்துவிடும்.

நல்லெண்ணம் கெடுதலாக முடிவது இதற்குப் பிறகுதான். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கையையும் காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து ஆட்டோவில் தூக்கிப் போட்டால், கழுத்திலோ முதுகிலோ அடி இருக்கும்போது நிலைமை மோசமாகும். தீயோ போக்குவரத்தோ நெருங்கினாலொழிய நகர்த்த வேண்டாம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு தரம் எடுத்துப் பார்க்காதீர்கள், துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமோ என்ற பயம் உங்களுக்கும் இருந்திருக்கும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்கு வராமல் காக்கிறது. பெயரும் முகவரியும் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கொண்டுபோய்ச் சேர்த்தவரிடம் பணம் கேட்டால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.