கிரேக்கப் புராணங்களில் மிகவும் சக்தி வாய்ந்த பெண் தெய்வம் யார்?

என் ஓட்டு டிமீட்டருக்கு. தானியத்துக்கும் விளைச்சலுக்கும் உரியவள்.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் அதீனா என்றுதான் பதில் வரும். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயுதங்களோடு தெய்வங்களின் அரசன் ஜீயஸின் தலையிலிருந்து பிறந்தவள்; ஹோமரின் போர்க் காவியமான இலியட்டில் போர்க்கடவுள் ஏரிஸையே கல்லால் அடித்துச் சாய்ப்பவள். வீரத்தில் குறையே இல்லை. ஆனால் அப்பா சொல்லைத் தாண்ட முடியாது. எட்டாம் காண்டத்தில் ஜீயஸின் மனைவி ஹீராவோடு சேர்ந்து அவருடைய தடையை மீறித் தேரேறிக் கிளம்புகிறாள். தேரையே நொறுக்கிவிடுவேன் என்று அவர் ஆளனுப்பி மிரட்டியதும் இருவரும் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள்.

ஹீரா பட்டத்தரசிதான். அதே இலியட்டின் 15ஆம் காண்டத்தில், ஒருமுறை அவள் காலில் இரண்டு பட்டடைகளைக் கட்டி, கையில் பொன் சங்கிலி பூட்டி வானத்தில் தொங்கவிட்டதை ஜீயஸ் ஞாபகப்படுத்துகிறார். அவள் நடுங்கிப்போகிறாள்.

ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான்: ஜீயஸ் யாரிடம் இறங்கி வந்தார்? இரவின் தெய்வமான நிக்ஸை வருத்தப்படுத்த அவர் அஞ்சினார் என்று 14ஆம் காண்டத்தில் ஒரு செய்தி வருகிறது. ஆனால் அங்கே நிக்ஸ் எதுவும் செய்வதில்லை. செய்து காட்டியவள் டிமீட்டர்.

அவளுடைய கதையை விரிவாகச் சொல்வது, ஹோமர் பெயரில் வழங்கும் ஒரு துதிப்பாடல் (அவர் பாடியதில்லை என்பதுதான் அறிஞர்கள் முடிவு). கிட்டத்தட்ட 500 வரி. டிமீட்டரின் மகள் பெர்சஃபனியைத் தன் சகோதரனும் பாதாளத்தின் அரசனுமான ஹேடிஸுக்கு மணமுடித்துக் கொடுக்க ஜீயஸ் சம்மதித்துவிடுகிறார். அப்பன் அவர்தான், ஆனால் தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூப்பறிக்கப் போன பெண்ணை, பூமி பிளந்து தேரில் வந்து தூக்கிப் போகிறான் ஹேடிஸ். டிமீட்டர் ஒன்பது நாள் உண்ணாமல், குளிக்காமல், கையில் தீப்பந்தத்தோடு மகளைத் தேடி அலைகிறாள். கடைசியில் சூரியன் ஹீலியோஸ் உண்மையைச் சொல்கிறான். கூடவே, "நல்ல மாப்பிள்ளைதானே" என்கிற தொனியில் சமாதானமும் சொல்கிறான்! படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும் இடம் அது.

பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது. கிழவி வேடத்தில் டிமீட்டர் ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலூசிஸ் ஊருக்கு வந்து கிணற்றடியில் உட்காருகிறாள். அரண்மனையில் பிள்ளை வளர்க்கும் வேலை கிடைக்கிறது. இயாம்பே என்ற பணிப்பெண் கேலி பேசித்தான் அவளை முதன்முதலில் சிரிக்க வைக்கிறாள். ஒயின் வேண்டாம் என்று மறுத்து, வாற்கோதுமையும் புதினா வகை மூலிகையும் கலந்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். பிறகு சுயரூபம் காட்டி, ஊராரைத் தனக்கு ஒரு கோயில் கட்ட வைத்து உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறாள்.

அவ்வளவுதான், வேலை நிறுத்தம். ஓராண்டு முழுக்க விதைத்தது எதுவும் முளைக்கவில்லை. மனிதர்கள் மாண்டால் தெய்வங்களுக்குப் படையல் கிடையாது. அதுதான் அவளுடைய பிடி. ஜீயஸ் முதலில் ஐரிஸைத் தூது அனுப்புகிறார், மறுக்கிறாள். பிறகு தெய்வங்கள் ஒவ்வொருவராகப் பரிசுகளோடு வந்து கெஞ்சுகிறார்கள். மகளைக் கண்ணால் பார்க்காமல் ஒரு விதையும் முளைக்காது என்கிறாள். கடைசியில் ஜீயஸே ஹெர்மிஸைப் பாதாளத்துக்கு அனுப்பி, பெண்ணை விடச் சொல்கிறார். இடியும் மின்னலும் கையில் இருந்து என்ன பயன்?

பாதாளத்தில் எதையாவது தின்றவர் முழுதாக விடுபட முடியாது; ஹேடிஸ் மாதுளை விதையைத் தின்னக் கொடுத்துவிட்டதால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு பெர்சஃபனி கீழே இருக்க வேண்டியதாயிற்றே, இது முழு வெற்றியா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் ஜீயஸ் எடுத்த முடிவை இந்த அளவுக்குத் திருப்பிய வேறொரு பெண் தெய்வம் எனக்குத் தெரிந்து இல்லை.

அவளுடைய செல்வாக்கு கதையோடும் நிற்கவில்லை. எலூசிஸில் நடந்த ரகசியச் சடங்குகளில் பெண்களும் அடிமைகளும்கூடத் தீட்சை பெறலாம். உள்ளே கண்டதை வெளியே சொல்லக் கூடாது. கி.மு. 415-ல் ஏதென்ஸின் தளபதி அல்கிபியாடிஸ் ஒரு வீட்டில் அந்தச் சடங்கைக் கேலியாக நடித்துக் காட்டினார் என்று குற்றச்சாட்டு. சிசிலிப் படையெடுப்புக்குப் போயிருந்தவரை விசாரணைக்குத் திரும்ப அழைத்தார்கள். அவர் வழியிலேயே தப்பி, எதிரி நாடான ஸ்பார்டாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆள் இல்லாமலேயே மரண தண்டனை விதித்துச் சொத்தையும் பறிமுதல் செய்தார்கள். அதீனாவின் பெயரைத் தாங்கிய ஊரில் நடந்தது இது.