பார்த்துக்கொள்பவரின் உடல்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கேரளத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கிறேன். என் அம்மாவுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் என்று கோயம்புத்தூரில் மருத்துவர்கள் சொல்லி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போகப் பார்ப்பதால் நான் சேர்ந்தாற்போல் உறங்குவதே இல்லை. சென்ற ஓணத்தின்போது காய் நறுக்கையில் அரிவாள்மணை விரலைக் கிழித்தது. சிறிய காயம்தான், ஆனால் ஒரு மாதம் கடந்தும் முழுதாக ஆறவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் காயம் தாமதமாக ஆறுகிறது என்று ஓர் ஆய்வு சொல்வதாகத் தாங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அது நினைவுக்கு வந்ததிலிருந்து மனம் கலங்கிக் கிடக்கிறது. பிரியத்தோடு செய்திருந்தால் உடம்பு இப்படிக் கெடுமா? என் அண்ணன்கள் இருவரும் திருப்பூரில் இருக்கிறார்கள். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "அம்மாவைப் பார்க்கிற புண்ணியம் உனக்குத்தான் கிடைத்திருக்கிறது" என்கிறார்கள். எனக்கோ சலிப்புத்தான் மிஞ்சுகிறது. அந்த ஆய்வு உண்மையில் என்ன சொல்கிறது என்று விளக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் விரலைக் கவனியுங்கள். ஒரு மாதம் கடந்தும் ஆறாத காயத்துக்கு மனச்சுமைதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாமல், மருத்துவரிடம் காட்டி, இரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பது தெரியாமலேயே நடமாடுபவர்கள் நம் ஊர்களில் ஏராளம். நான் குறிப்பிட்ட ஆய்வு இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட்டது. தனி ஒருவருடைய விரலைக் காட்டி அதற்குக் காரணம் இதுதான் என்று சொல்ல அதனால் இயலாது.

அந்த ஆய்வைச் செய்தவர் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர். நோய் எதிர்ப்பியல் அறிஞரான அவருடைய கணவர் ரொனால்ட் கிளேசரும் உடன் இருந்தார். மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களையும், வயதிலும் குடும்ப வருமானத்திலும் அவர்களுக்கு இணையான, அத்தகைய பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துளைக் காயத்தை மருத்துவ முறைப்படி உண்டாக்கினார்கள். காயத்தைப் படமெடுத்தும், ஹைட்ரஜன் பெராக்சைடை இட்டால் நுரைக்கிறதா என்று பார்த்தும், அது எப்போது ஆறியது என்று தீர்மானித்தார்கள். பராமரிப்பில் இருந்தவர்களுக்குக் காயம் ஆற, மற்றவர்களைவிடச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாக ஆயிற்று. 1995இல் லான்செட் இதழில் வெளியான அந்தக் கட்டுரை, மனத்தின் பாரம் தோலில் அளக்கக்கூடிய ஒன்று என்று காட்டியது.

இது எப்படி நிகழ்கிறது என்பதிலேயே உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. காயம் பட்டவுடன் இரத்த வெள்ளணுக்கள் அவ்விடத்துக்குச் சில வேதிச் செய்திகளை அனுப்பிப் பழுது பார்க்கும் பணியைத் தொடங்கிவைக்கின்றன. இடைவிடாத நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் அந்தத் தொடக்கத்தையே மட்டுப்படுத்துகின்றன. பராமரிப்பில் இருந்த பெண்களின் வெள்ளணுக்கள் அத்தகைய செய்திப் பொருள் ஒன்றைக் குறைவாகவே உண்டாக்கின என்பதை அந்த ஆய்விலேயே கண்டார்கள். அதே குழுவினர் பிறகு பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் இதே போன்ற காயத்தை விடுமுறையில் ஒரு முறையும் தேர்வுக் காலத்தில் ஒரு முறையும் உண்டாக்கிப் பார்த்தபோது, தேர்வுக் காலத்தில் அது 40 சதவீதம் மெதுவாக ஆறியது. அந்த மாணவர்களுக்குப் படிப்பின்மேல் பிரியம் இருந்ததா, இல்லையா என்று உடல் விசாரிக்கவில்லை. ஓய்வின்றி விழித்திருக்கும் உடல் இப்படித்தான் நடந்துகொள்ளும். உங்கள் அம்மாவின் மீது உங்களுக்குள்ள அன்பை இந்த 9 நாள் கணக்கால் அளக்க முடியாது, தயவுசெய்து அளக்காதீர்கள். நான்கு ஆண்டுகளாக இரவுதோறும் எழுந்து கதவருகே போய் நிற்பவருக்குச் சலிப்பு வராவிட்டால்தான் வியப்பு.

அப்படியானால் பராமரிப்பதே உடலுக்குக் கேடா? இதில் அவசர முடிவுக்கு வருவது தவறு. 1999இல் ரிச்சர்ட் ஷூல்ஸும் ஸ்காட் பீச்சும், வாழ்க்கைத்துணையைப் பராமரிக்கும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பராமரிப்பினால் தமக்குப் பாரமாக இருக்கிறது என்று சொன்னவர்களிடம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்த எண்ணை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே பக்கத்தில் உள்ள இன்னொரு செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பராமரித்தும் பாரமாக உணராதவர்களிடம் அந்தக் கூடுதல் அபாயம் தென்படவில்லை. 2013இல் டேவிட் ராத்தும் உடனிருந்தோரும் 3,503 பராமரிப்பாளர்களை அவர்களை ஒத்த பிறரோடு ஒப்பிட்டபோது, பராமரிப்பாளர்களின் இறப்பு வீதம் 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான்: தாயைப் பார்த்துக்கொள்வதில் கேடு இல்லை, மாற்றுக் கை இல்லாமல், இரவும் பகலும், முடிவு தெரியாமல், தனி ஒருவர் தலையில் அது விழுவதில்தான் கேடு இருக்கிறது.

ஆகவே உங்கள் அண்ணன்கள் சொல்லும் புண்ணியப் பேச்சை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் அந்தச் சொல் உங்களுக்கு மதிப்புத் தருவதுபோல் தந்து, வேலை முழுவதையும் உங்களிடமே விட்டுவிடுகிறது. நியூயார்க்கில் மேரி மிட்டல்மேன் நடத்திய ஆய்வை அவர்களிடம் சொல்லுங்கள். மறதி நோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் நோய் கண்ட துணையைப் பராமரித்த 406 பேரில் ஒரு பாதியினருக்கு ஆறு ஆலோசனை அமர்வுகள் தரப்பட்டன. அவற்றில் இரண்டு மட்டுமே பராமரிப்பவரோடு தனியாக. மற்ற நான்கும் குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசியவை. அதன் பிறகும் ஆதரவுக் குழுவும் தேவைப்படும்போது தொலைபேசி ஆலோசனையும் தொடர்ந்தன. அந்தப் பாதியினரின் வீடுகளில், நோயாளியைக் காப்பகத்தில் சேர்க்க நேர்ந்த காலம் இடைநிலைக் கணக்கில் 557 நாட்கள் தள்ளிப்போயிற்று. அந்த நோயைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை என்பதை நினைத்தால், உறவினர்கள் கூடி உட்கார்ந்து பேசியதற்கு இவ்வளவு பலன் இருந்தது என்பது சாதாரணச் செய்தி அல்ல.

இன்னொன்றையும் அண்ணன்கள் அறிய வேண்டும். உடலின் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருள், வாழ்க்கைத்துணையைப் பராமரிப்பவர்களின் இரத்தத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக ஏறிவந்ததை கீகோல்ட்-கிளேசர் குழு 2003இல் வெளியிட்டது. நோயாளி இறந்து சில ஆண்டுகள் ஆன பின்னும் அந்த வேகம் குறையவில்லை. நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லோரும் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அதுவரை பார்த்துக்கொண்டவரைப் பிறகு யார் பார்ப்பது என்று எவரும் கேட்பதில்லை.

நீங்கள் எல்லைக்கு மேற்கே இருப்பதில் ஒரு நன்மை உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம், அண்டை வீட்டாரையே தொண்டர்களாகப் பழக்கி, 2008இல் கேரள அரசின் கொள்கையாகவே மாறியது. இன்று பஞ்சாயத்துகளின் பாலியேட்டிவ் (வலித்தணிப்பு) நர்ஸ் வீடு தேடி வருவது அந்த இயக்கத்தின் விளைவு. முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுபவர்களைக் கவனித்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வகுக்கப்பட்ட ஆஷ்வாசகிரணம் திட்டமும் அங்கே உண்டு; தகுதி பற்றி அங்கன்வாடியில் விசாரியுங்கள். தொகை மிகச் சிறியதுதான். ஆனாலும் பார்த்துக்கொள்பவரை ஓர் அரசு தனி மனிதராகக் கணக்கில் எடுத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில், மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 முதல் வலித்தணிப்புச் சிகிச்சையையும் இயன்முறைப் பயிற்சியையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அதுவும் நல்ல பணி.

நர்ஸ் வரும்போது அம்மாவின் இரத்த அழுத்தத்தைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் உறக்கம், உங்கள் சாப்பாடு, உங்கள் சலிப்பு ஆகியவற்றையும் சொல்லுங்கள். அண்ணன்களிடம் "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மாதத்தில் எந்தச் சனி, ஞாயிறு இரவுகளில் யார் வந்து அம்மாவின் அறையில் படுப்பது என்று நாள் குறித்துக் கேளுங்கள். வர இயலாதவர், அந்த இரவுகளுக்கு ஊரில் ஒரு பெண்ணை அமர்த்துவதற்கான பணத்தைத் தரட்டும். அந்த இரண்டு இரவுகளில் நீங்கள் வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில் உறங்குங்கள். அவர்களிடம் காட்ட இந்தப் பதில் பயன்படுமானால், தாராளமாகக் காட்டுங்கள்.

அன்புடன்