ஏறி ஓட்டும் மின்சார சூட்கேஸ், குறைந்த சாமானோடு பயணிப்பவருக்குச் சரிப்படுமா?

ஒரே கைப்பெட்டியோடு பயணிப்பவர், ஏறி ஓட்டும் மின்சார சூட்கேஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். மோட்டார், பேட்டரி, உலோகச் சட்டம் எல்லாம் சேர்ந்து பல மாடல்களில் காலிப் பெட்டியே 7 கிலோவைத் தொட்டுவிடும். பல விமான நிறுவனங்கள் கைப்பெட்டிக்கு அனுமதிக்கும் மொத்த எடையே அவ்வளவுதான். அப்புறம் துணிமணியை எங்கே வைப்பது?

பேட்டரி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அது சேமிக்கும் மின்சாரத்தின் அளவு 100 வாட்-மணியை (Wh) தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். பெட்டியைச் சரக்கறைக்கு அனுப்பச் சொன்னால், வரிசையில் நின்றபடியே பேட்டரியை உருவிக் கையோடு கொண்டுபோக வேண்டும். படிக்கட்டு வந்தால் அத்தனை எடையையும் நீங்கள்தான் தூக்க வேண்டும்.

சரி, முழங்கால் வலியால் நீளமான டெர்மினலில் நடக்கத் திணறுகிறவர் என்றால் தாராளமாக யோசிக்கலாம்.